மூன்றில் ஒன்று, ஆயுள் உள்ளவரை

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கல்யாணம் தேவாலயத்தின் வாசலில் நடந்தது. உள்ளே போய்ப் பூசை காண்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஊரார் கூடியிருக்க, பாதிரியார் பக்கத்தில் நிற்க, மாப்பிள்ளை அந்த வாசற்படியில் வைத்தே ஒரு வாக்குக் கொடுப்பான்: எனக்குப் பிறகு இவள் பிழைப்புக்கு என் நிலத்தில் இன்ன பங்கு. இதை வீட்டு அறைக்குள்ளோ மரணப் படுக்கையிலோ சொன்னால் செல்லாது. நாலு பேர் காதில் விழும்படி வாசலில் சொல்லியிருக்க வேண்டும். பின்னாளில் அவன் இறந்துபோய், கொழுந்தனோ மூத்த தாரத்து மகனோ 'உனக்கு இதில் என்ன பாத்தியதை?' என்று கேட்டால், அன்று வாசலில் நின்று கேட்டவர்கள்தான் சாட்சி.

அந்தப் பங்குக்கு டவர் என்று பெயர். நமக்கு இந்தச் சொல் இரண்டு வகையில் குழப்பும். பெண் வீட்டார் கொடுக்கும் வரதட்சணையை ஆங்கிலத்தில் டவ்ரி என்பார்கள். இந்தியச் சட்டப் புத்தகங்களில் டவர் என்றாலோ பெரும்பாலும் முஸ்லிம் திருமணத்தின் மஹர். நான் சொல்ல வருவது இவை இரண்டும் இல்லை. கணவன் இறந்தபின் அவன் நிலத்தில் மனைவிக்குக் கிடைத்த பங்கைச் சொல்கிறேன். மன்னரின் நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு தீர்ப்புச் சொல்லி வளர்த்த பொதுச்சட்டத்தில் அது 700 ஆண்டுக்குமேல் நிலைத்திருந்தது. இங்கே அதைக் கைம்பெண் பங்கு என்றே எழுதுகிறேன்.

அது பெரிய பங்கு இல்லை. மூன்றில் ஒன்று. அதுவும் ஆயுள் பரியந்தம் அனுபவிக்க மட்டும்; விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது, காட்டை வெட்டிக் காசாக்க முடியாது. ஆனால் அந்தச் சின்னப் பங்குக்குள் ஒரு பெரிய உறுதி இருந்தது. கணவன் நினைத்தாலும் அதை அழிக்க முடியாது. அவன் நிலத்தை விற்றிருக்கலாம், கடன்பட்டிருக்கலாம், மனைவியோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் செத்திருக்கலாம். அவள் பங்கு நிற்கும். பின்னால் வந்த நூற்றாண்டுகள் கைம்பெண்ணுக்குப் பலவற்றைக் கொடுத்தன; இந்த உறுதியை மட்டும் எடுத்துக்கொண்டன. அது எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் இந்தப் பங்கு ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம். பொதுச்சட்டத்தின் கண்ணில் கணவனும் மனைவியும் ஓர் ஆள். அந்த ஓர் ஆள் கணவன். பொதுச்சட்டத்துக்கு விளக்க நூல் எழுதிய பிளாக்ஸ்டன் 1765இல் எழுதியதன் சாரம் இதுதான்: கல்யாணம் ஆனதும் பெண்ணின் சட்ட இருப்பே நிறுத்திவைக்கப்படுகிறது. அவள் கொண்டுவந்த பணம், மாடு, பாத்திரம் எல்லாம் கணவனுடையது. அவள் பேரில் நிலம் இருந்தாலும் அதன் வருமானம் அவன் கைக்குப் போகும். அவள் தனியாக ஒப்பந்தம் போட முடியாது, வழக்குப் போட முடியாது. அவன் இறந்த அன்றுதான் அவள் மறுபடியும் சட்டத்தின் முன் முழு மனுஷி ஆகிறாள். அப்படி ஆகும்போது கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கக் கூடாதே. வாசலில் கொடுத்த வாக்கு அதற்காகத்தான்.

ஆண் பிழைத்திருந்து மனைவி இறந்தால் என்ன? அவள் நிலம் முழுவதையும், மூன்றில் ஒன்றை இல்லை, முழுவதையும், அவன் தன் ஆயுள்வரை அனுபவிக்கலாம். ஒரே நிபந்தனை, அவர்களுக்கு உயிருடன் ஒரு குழந்தை பிறந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள் அதன் அழுகுரல் கேட்டிருந்தால் போதும். மறுநாளே குழந்தை இறந்துபோயிருந்தாலும் அப்பனின் உரிமை உறுதி. இந்த ஏற்றத்தாழ்வை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் படிக்க வேண்டும்.

மன்னர்களுக்குக் கைம்பெண்கள் ஒரு வருமானம். மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்றவன் இறந்தால், அவன் மனைவியை யாருக்குக் கட்டிவைப்பது என்பதை மன்னர் தீர்மானிக்கலாம். அந்த உரிமையை விற்கவும் விற்றார்கள். 1100இல் முதலாம் ஹென்றி முடிசூடியபோது, கைம்பெண்ணை அவள் விருப்பம் இல்லாமல் கட்டிக்கொடுக்க மாட்டேன் என்று சாசனம் எழுதிக்கொடுத்தார். ஆனால் 1185இல் அவர் பேரன் இரண்டாம் ஹென்றியின் அதிகாரிகள் 12 கவுண்டிகளில் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தார்கள்: எந்தக் கைம்பெண்ணுக்கு எத்தனை வயது, எத்தனை பிள்ளை, நிலம் எவ்வளவு பெறும், எத்தனை ஆடு மாடு. அந்தப் பதிவேடு இன்றும் இருக்கிறது. சந்தைக்குக் கொண்டுவந்த சரக்கைக் குறித்துவைப்பதைப் போல எழுதியிருக்கிறார்கள்.

ஆமால் சீமாட்டி ஹவீஸுக்கு மூன்று கல்யாணம் ஆகி மூன்று கணவர்களும் இறந்துபோனார்கள். 1212இல் அவர் ஜான் மன்னருக்கு 5,000 மார்க் தருவதாக ஒப்புக்கொண்டார். ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. அந்தக் காலத்துக்கு அது மலைக்கவைக்கும் தொகை. எதற்காக? தன் பிதுரார்ஜிதமும் கணவர்கள் வழியில் வரவேண்டிய பங்குகளும் தன் கையில் இருக்க வேண்டும், நான்காவதாக யாரையும் கட்டச்சொல்லி வற்புறுத்தக் கூடாது. தனக்கு உரியதைத் தானே விலைகொடுத்து வாங்கினார்.

இந்தப் பின்னணியில், ஜான் மன்னர் எழுதிக்கொடுத்த 1215இன் மகா சாசனத்தை (மாக்னா கார்ட்டா) பார்த்தால் அதன் 7ஆம், 8ஆம் பிரிவுகளின் கனம் தெரியும். கணவன் இறந்தவுடன் கைம்பெண்ணுக்கு அவள் சீதனமும் பரம்பரைச் சொத்தும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். தன் பங்குக்காக அவள் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. அவன் இறந்து 40 நாள்வரை அவள் கணவன் வீட்டிலேயே இருக்கலாம். அதற்குள் பங்கைப் பிரித்துக்கொடுத்துவிட வேண்டும். தனியாக வாழ விரும்பும் கைம்பெண்ணை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. கணவன் வட்டிக்கு வாங்கிய கடனை அவள் பங்கிலிருந்து பிடிக்கக் கூடாது என்று 11ஆம் பிரிவும் சேர்த்துச் சொல்கிறது. அந்த 40 நாளுக்குச் சட்டத்தில் குவாரண்டைன் என்று பெயர் வந்தது. கொரோனா காலத்தில் நம் வாயில் புழங்கிய அதே சொல்தான். கப்பல்களை நாற்பது நாள் நிறுத்திவைத்ததும் கைம்பெண்ணை நாற்பது நாள் வீட்டில் இருக்கவிட்டதும் ஒரே எண்ணிலிருந்து வந்த பெயர்கள்.

1217இல் சாசனத்தைத் திருத்தி வெளியிட்டபோது ஒரு வரி சேர்ந்தது. கணவன் தன் வாழ்நாளில் வைத்திருந்த எல்லா நிலத்திலும் மூன்றில் ஒன்று, தேவாலய வாசலில் குறைவாகப் பேசியிருந்தால் ஒழிய. அதுவரை கல்யாண நாளில் அவனிடம் இருந்த நிலம்தான் கணக்கு. இனிமேல் பின்னால் வாங்கியதும் சேரும். இதை வைத்துக்கொண்டு நீதிமன்றங்கள் பெரிய முடிவு ஒன்றுக்கு வந்தன: கல்யாணம் நடந்ததிலிருந்து எப்போதாவது ஒரு நிலம் அவன் கையில் இருந்திருந்தால் போதும், அதை அவன் விற்றுவிட்டிருந்தாலும் அவள் பங்கு அதன்மேல் நிற்கும். காசு கொடுத்து வாங்கியவன் 20 வருஷம் உழுதிருந்தாலும், விற்றவன் செத்த மறுநாள் அவன் மனைவி வந்து கேட்கலாம். நம் ஊர்ப் பத்திரப் பேச்சில் சொன்னால், கல்யாணமான ஒவ்வொருவனின் நிலத்திலும் மனைவியின் பேரில் ஒரு வில்லங்கம் இருந்தது.

அதை நீக்க ஒரே வழி அவள் சம்மதம். அதற்கு நீதிமன்றத்தில் ஒரு சடங்கு. நீதிபதி மனைவியைக் கணவனிடமிருந்து தனியே அழைத்து, இது உன் மனமொப்பியா, மிரட்டினார்களா என்று கேட்பார். அவள் ஒப்பினால்தான் விட்டுக்கொடுத்தது செல்லும். வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டியவள் நீதிபதியிடம் எவ்வளவு மனம்விட்டுப் பேசியிருப்பாள் என்பது வேறு கேள்வி. ஆனாலும் அவளைக் கேட்காமல் முடியாது என்று சட்டம் நினைத்தது.

சட்டத்தில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு. 13ஆம் நூற்றாண்டு வழக்கு ஏடுகளில் கைம்பெண்கள் தங்கள் பங்கைக் கேட்டுப் போட்ட வழக்குகள் ஏராளம். எதிர்த்தரப்பு சொன்ன பதில்களைப் படித்தால் அந்த நாளைய குடும்பச் சண்டை கண்முன் வரும். அவள் கணவன் சாகவே இல்லை, சிலுவைப் போருக்குப் போயிருக்கிறான். அவன் அந்த நிலத்துக்கு உடையவனாக இருந்ததே இல்லை. இவள் முறைப்படி கட்டியவளே இல்லை. கடைசியாகச் சொன்ன பதில் வந்தால் மன்னரின் நீதிமன்றம் தானாகத் தீர்ப்புச் சொல்லாது. கல்யாணம் உண்மையா என்று பிஷப்புக்கு எழுதிக் கேட்டுச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கும். இழுத்தடிப்பதால் வாரிசுக்கு லாபம், ஏனென்றால் வழக்கு நடக்கும் காலமெல்லாம் விளைச்சல் அவனுக்கு. 1236இல் மெர்ட்டனில் கூடிய சபை இதைக் கண்டுகொண்டது. பங்கை மறுத்துவைத்தவன், கணவன் இறந்த நாளிலிருந்து தீர்ப்பு நாள்வரை அவளுக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று சட்டம் செய்தது. அவள் தன் பங்கு நிலத்தில் விதைத்த பயிரை உயிலில் எழுதிவைக்கவும் அனுமதித்தது. சின்ன விஷயம் மாதிரித் தெரியும்; விதைத்துவிட்டு அறுப்புக்கு முன் செத்தவளின் உழைப்பு யாருக்கு என்ற கேள்வி அது.

உறுதியான பங்கு என்றேன். ஒரு விஷயத்தில் அது சட்டென்று உடையும். 1285இல் வந்த இரண்டாம் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தின் 34ஆம் அத்தியாயம், கணவனை விட்டு இன்னொருவனோடு போய் வாழ்பவள் பங்கை இழப்பாள் என்றது. கணவன் தானாக மன்னித்துத் திரும்ப ஏற்றால் ஒழிய. மார்கரெட் கமாய்ஸின் வழக்கு இதில் சிக்கியது. அவள் கணவன் ஜான் கமாய்ஸ், தன் மனைவியை அவள் உடைமைகளோடு சேர்த்து வில்லியம் பேனல் என்பவனுக்குக் கொடுத்துவிட்டதாகப் பத்திரமே எழுதிக்கொடுத்தான். ஆமாம், பத்திரம். கமாய்ஸ் இறந்தபின் அவளும் பேனலும் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1300இல் அவர்கள் கமாய்ஸின் நிலத்தில் அவள் பங்கைக் கேட்டார்கள். அவர்கள் வாதம்: ஓடிப்போகவில்லை, கணவனே எழுதிக்கொடுத்துத்தான் போனாள், கள்ள உறவு என்ற குற்றச்சாட்டைத் திருச்சபை நீதிமன்றமும் தள்ளிவிட்டது. 1302இல் விடை வந்தது. பங்கு கிடையாது. மனைவியைச் சாமானைப்போல எழுதிக்கொடுத்தவன் என்ன இழந்தான் என்று யாரும் கேட்கவில்லை. எழுதிக்கொடுக்கப்பட்டவள் பங்கை இழந்தாள்.

இதுவரை சொன்னது நிலவுடைமைக்காரர்களின் கதை. பண்ணையார் நீதிமன்றப் பதிவேட்டின் நகலை வைத்து நிலம் அனுபவித்த சாதாரணக் குடியானவர்களுக்கு இந்தப் பொதுச்சட்டப் பங்கு கிடையாது. அங்கே ஊர் வழக்கம்தான் சட்டம். அந்தப் பங்கை ஃப்ரீபெஞ்ச் என்றார்கள். சில பண்ணைகளில் மூன்றில் ஒன்று, சிலவற்றில் பாதி, சிலவற்றில் நிலம் முழுவதும். அளவில் தாராளம். ஆனால் பல இடங்களில் மறுமணம் செய்தால் போய்விடும், ஒழுக்கம் தவறியதாகச் சொன்னாலும் போய்விடும். கென்ட் கவுண்டியின் தனி வழக்கத்திலும் அப்படியே: பங்கு பாதி, மறுமணம்வரை. பொதுச்சட்டப் பங்கோ மூன்றில் ஒன்றுதான், ஆனால் மறுமணம் செய்தாலும் தொடரும். பெர்க்‌ஷர் கவுண்டியில் என்போர்ன் என்ற பண்ணையில், ஒழுக்கக் குற்றத்தால் பங்கை இழந்தவள் அதைத் திரும்பப் பெற ஒரு வழி வைத்திருந்தார்கள். கறுப்புக் கிடாவின் முதுகில் பின்புறம் பார்த்து உட்கார்ந்து, நீதிமன்றத்துக்குள் வந்து, தன்னைத்தானே இழிவாகச் சொல்லும் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும். பாட்டும் பதிவாகியிருக்கிறது. அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. பழைய சட்டப் புத்தகங்கள் இதை வேடிக்கையான வழக்கம் என்று சேர்த்துவைத்திருக்கின்றன. சோற்றுக்காக ஊர் முன்னால் அப்படி ஏறி உட்காரவேண்டியிருந்தவளுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

சரி, வாரிசின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கைம்பெண் நெடுநாள் வாழ்ந்தால் அவன் தன் சொத்தின் ஒரு பகுதியைக் கண்ணால் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். நார்ஃபோக் கோமகனின் மனைவி கேதரின் நெவில் 1432இல் கணவனை இழந்தார். 1483இலும் உயிருடன் இருந்தார். அதற்குள் மகன் இறந்தான், பேரன் இறந்தான், கொள்ளுப்பேத்தியும் இறந்தாள். அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரும் நிலப்பரப்பு அவர் கையில் இருந்தது. பெரிய குடும்பங்கள் இதை விரும்பவில்லை. வழி தேடினார்கள்.

அவர்கள் கண்டது யூஸ் என்ற ஏற்பாடு. நிலத்தை நம்பிக்கையான சிலர் பேருக்கு மாற்றிவிட்டு, 'என் நலனுக்காக வைத்திருங்கள்' என்பது. சட்டப்படி நிலம் கணவனுடையது இல்லை. ஆகவே மனைவிக்கு அதில் பங்கும் இல்லை. அதற்குப் பதிலாகக் கல்யாணப் பேச்சிலேயே அவளுக்கென்று குறிப்பிட்ட நிலத்தையோ வருமானத்தையோ ஒதுக்கினார்கள். இது ஜாயிண்ச்சர். 1536இல் எட்டாம் ஹென்றியின் அரசு யூஸ் ஏற்பாட்டைச் சட்டத்தால் உடைத்தபோது நிலமெல்லாம் மறுபடி கணவர்கள் பேருக்கு வந்துவிழுந்தது. ஒரே பெண்ணுக்கு ஜாயிண்ச்சரும் கிடைக்கும், மூன்றில் ஒன்றும் கிடைக்கும் என்ற நிலை. அப்படி நேராமல் இருக்க அதே சட்டம் சொன்னது: கல்யாணத்துக்கு முன்பே ஜாயிண்ச்சர் எழுதியிருந்தால் கைம்பெண் பங்கு கிடையாது. கல்யாணத்துக்குப் பின் எழுதியிருந்தால் எது வேண்டும் என்று அவளே தேர்ந்துகொள்ளலாம்.

என் பார்வையில் கதை திரும்பும் இடம் இதுதான். அதுவரை பங்கு சட்டம் கொடுத்தது. இனிமேல் பேரம் கொடுத்தது. பேரத்தில் பேசியவர்கள் அப்பாவும் மாமனாரும் வக்கீல்களும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வசதியானவர்களிடையே புழங்கிய விகிதம் ஏறத்தாழ இப்படி: பெண் வீட்டார் 1,000 பவுண்டு வரதட்சணை கொண்டுவந்தால், கைம்பெண்ணானபின் ஆண்டுக்கு 100 பவுண்டு. கணவனின் நிலம் எவ்வளவு பெரிதானாலும் கணக்கு அவள் கொண்டுவந்த பணத்தைப் பார்த்து. பெண் வயதுக்கு வராத சிறுமியாக இருந்தபோது அவளுக்காகப் பேசிமுடித்த ஜாயிண்ச்சரும் அவளைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தும் என்று 1762இல், அன்று கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

ஜாயிண்ச்சர் எழுதாத குடும்பங்களுக்கு வக்கீல்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். நிலத்தை அறக்கட்டளை வடிவில் வைத்தால் மனைவிக்குப் பங்கு இல்லை என்று, அறக்கட்டளை வழக்குகளை விசாரித்த சான்சரி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதே நீதிமன்றம், மனைவியின் அறக்கட்டளை நிலத்தில் கணவனுக்கு உரிமை உண்டு என்றது. இதற்கு நியாயமான காரணம் சொல்ல நீதிபதிகளாலேயே முடியவில்லை. இத்தனை சொத்துப் பத்திரங்கள் இதை நம்பி எழுதப்பட்டுவிட்டன, இனி மாற்ற முடியாது என்றார்கள். 'வாழ்வு, சுதந்திரம், கைம்பெண் பங்கு, இம்மூன்றுக்கும் சட்டம் சலுகை காட்டும்' என்பது வக்கீல்களிடையே வழங்கிய பழமொழி. அதை வாயில் சொல்லிக்கொண்டே பத்திரத்தில் அதை அறுத்தார்கள்.

இந்தச் சட்டம் கடல் தாண்டி அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் போனது. அங்கே நிலம் விரிந்துகிடந்தது, வீடுகள் சின்னவை. நியூ இங்கிலாந்தில் வீட்டைக்கூட மூன்றாகப் பிரித்தார்கள்: தெற்குப் பக்கத்து அறை, நிலவறையில் ஒரு மூலை, அடுப்பில் ரொட்டி சுட உரிமை, கிணற்றுக்குப் போக வழி, இன்ன கதவு வழியாக வந்துபோகலாம் என்று எழுதிக்கொடுப்பார்கள். ஒரே அடுப்பைச் சுற்றி மாமியாரும் மருமகளும் பத்திரப்படி வாழ்வதை நினைத்துப் பாருங்கள். 1787இல் ஓஹையோ நதிக்கு வடக்கே புதிய நிலப்பரப்புகளுக்கென வந்த சட்டத்திலும், உயில் இல்லாமல் இறந்தவனின் மனைவிக்கு நிலத்தில் மூன்றில் ஒன்று ஆயுளுக்கு, அசையும் சொத்தில் மூன்றில் ஒன்று என்று உறுதிசெய்தார்கள். நெருக்கவும் செய்தார்கள். 1818இல் மாசசூசெட்ஸ் நீதிமன்றம், காடாகக் கிடக்கும் நிலத்தில் கைம்பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்றது. ஆயுள் உரிமைக்காரி மரம் வெட்டக் கூடாது, வெட்டாவிட்டால் காட்டில் என்ன பயன் என்பது அதன் வாதம்.

வர்ஜீனியாவில் இந்தப் பங்கு கொண்ட வடிவத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. அங்கே 1705 சட்டம் அடிமைகளை அசையாச் சொத்தாக்கியது. நிலத்தைப்போலவே மனிதர்களும் கைம்பெண் பங்கில் வந்தார்கள். டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757இல் உயில் எழுதாமல் இறந்தபோது அவர் மனைவி மார்த்தாவுக்கு மூன்றில் ஒன்று ஆயுளுக்குக் கிடைத்தது. இரண்டு ஆண்டு கழித்து மார்த்தா ஜார்ஜ் வாஷிங்டனை மணந்தார். 1799இல் வாஷிங்டன் தன் உயிலில், தன் பேரில் இருந்த அடிமைகளுக்கு விடுதலை எழுதிவைத்தார். மவுண்ட் வெர்னான் பண்ணையில் வேலைசெய்த வேறு 153 பேருக்கு அவரால் எழுத முடியவில்லை. அவர்கள் மார்த்தாவின் பங்கு, மார்த்தாவுக்கும் ஆயுள் உரிமை மட்டும். 1802இல் மார்த்தா இறந்ததும் அவர்கள் கஸ்டிஸ் வழிப் பேரப்பிள்ளைகள் நான்கு பேருக்குப் பிரிந்தார்கள். இரண்டு தரப்பு அடிமைகளும் தங்களுக்குள் கல்யாணம் செய்து குடும்பமாக இருந்தவர்கள். ஒருவர் விடுதலை, மனைவியும் பிள்ளைகளும் பேரனின் சொத்து. கைம்பெண்ணின் உரிமைக்காக நான் எவ்வளவு வாதாடினாலும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப்போக முடியாது. ஒரு பெண்ணின் பாதுகாப்பு என்று சட்டம் எழுதிவைத்தது அங்கே 153 பேரின் அடிமைத்தனமாக இருந்தது.

இங்கிலாந்தில் முடிவு 1833இல் வந்தது. நிலம் வாங்குவதையும் விற்பதையும் எளிதாக்கவேண்டும் என்று நிலச் சட்டங்களைத் திருத்திக்கொண்டிருந்த காலம். கைம்பெண் பங்கு என்ற வில்லங்கம் எல்லாக் கிரயத்துக்கும் குறுக்கே நின்றது. புதிய சட்டப்படி, 1834 ஜனவரி 1க்குப் பிறகு மணந்தவர்களுக்கு: கணவன் இறக்கும்போது கையில் இருக்கும் நிலத்தில் மட்டும் பங்கு. உயிலில் வேறு யாருக்காவது எழுதியிருந்தால் பங்கு இல்லை. பத்திரத்தில் ஒரு வரி, 'என் மனைவிக்குப் பங்கு இல்லை' என்று எழுதினாலும் இல்லை. அறக்கட்டளை நிலத்திலும் பங்கு உண்டு என்று ஒரு சலுகையைச் சேர்த்தார்கள். எல்லாவற்றையும் பறிக்கும் உரிமையைக் கணவனிடம் கொடுத்தபின் அந்தச் சலுகைக்கு என்ன மதிப்பு? நீதிபதி அவளைத் தனியே அழைத்துக் கேட்கவேண்டியதும் போயிற்று.

அசையும் சொத்தில் முன்பே போய்விட்டது. கணவனின் பணத்திலும் பண்டத்திலும் உயிலால் தொட முடியாத ஒரு பங்கு மனைவிக்கு உண்டு என்ற பழைய வழக்கம் வட இங்கிலாந்தில் 1692வரையும், வேல்ஸில் 1696வரையும், லண்டன் நகரில் 1724வரையும் இருந்து ஒழிந்தது. ஆகவே 1834க்குப் பிறகு மணந்த ஓர் இங்கிலாந்துக்காரர், 40 வருஷம் கூட வாழ்ந்த மனைவிக்கு ஒரு பென்னிகூட இல்லாமல் எல்லாவற்றையும் உயிலில் வேறு யாருக்கும் எழுதலாம். சட்டம் தலையிடாது. 1870, 1882 சட்டங்கள் மனைவியின் சொத்து மனைவிக்கே என்று ஆக்கின, பெரிய மாற்றம்தான். ஆனால் தனக்கென்று எதுவும் சம்பாதிக்க வாய்ப்பில்லாமல் வீட்டில் உழைத்தவளுக்கு அதனால் என்ன வந்தது? 1925இல் கைம்பெண் பங்கை முற்றாக ஒழித்தபோது ஒழிக்க அதிகம் மிச்சமில்லை. கைவிடப்பட்டவள் நீதிமன்றம் போய் உயிலுக்கு எதிராக நியாயமான ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 1938இல்தான் சட்டம் வந்தது. அந்த யோசனையும் இங்கிலாந்தில் பிறக்கவில்லை. நியூசிலாந்து 1900இலேயே செய்திருந்தது.

கனடாவின் மேற்குப் பகுதியில் இதே கதை வேகமாக ஓடியது. நிலப் பதிவை எளிமையாக்க 1886இல் அங்கே கைம்பெண் பங்கை ஒழித்தார்கள். மனைவியும் கணவனும் சேர்ந்து புல்வெளியைத் திருத்தி வயலாக்கிய ஊர்கள் அவை. பட்டா கணவன் பேரில். அவன் ஒருநாள் விற்றுவிட்டுப் போய்விட்டால் அவளுக்கு வீடும் இல்லை, வயலும் இல்லை. எமிலி மர்ஃபி போன்ற பெண்ணுரிமைக்காரர்கள் பல ஆண்டு போராடினார்கள். ஆல்பர்ட்டா மாகாணத்தில் முதலில் பாதி வெற்றி. 1917இல் முழுச் சட்டம் வந்தது. குடியிருக்கும் வீட்டையும் நிலத்தையும் மனைவியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது, அவன் இறந்தால் அவள் ஆயுள்வரை அதில் இருக்கலாம். அவள் சம்மதம் மிரட்டி வாங்கியதில்லை என்று தனியே விசாரித்து எழுதவும் வேண்டும். 13ஆம் நூற்றாண்டு நீதிபதி கேட்ட அதே கேள்வி. அந்தச் சட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயரும் பழைய பெயர்தான், டவர் சட்டம்.

நம் பக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, அது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் 1833 திருத்தத்தை, இங்கே ஆங்கிலச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்காகக் கம்பெனி அரசு 1839இல் எடுத்துவந்தது. 1865இன் இந்திய வாரிசுரிமைச் சட்டம், கல்யாணத்தால் ஒருவர் சொத்தில் மற்றவருக்கு உரிமை எதுவும் உண்டாகாது என்று சொல்லி, கைம்பெண் பங்கையும் அதற்கு எதிரான கணவன் உரிமையையும் ஒருசேர அகற்றியது. அதற்குப் பதிலாக, உயில் இல்லாமல் இறந்தால் மட்டும் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இந்த மூன்றில் ஒன்று, இங்கிலாந்தில் அசையும் சொத்துக்காக 1670இல் வந்த பங்கீட்டுச் சட்டத்தின் கணக்கு. இங்கே நிலத்துக்கும் சேர்த்து, ஆயுளுக்கு மட்டும் என்றில்லாமல் சர்வ சுதந்திரமாக. அது பழையதைவிட மேல். 1925இல் அதன் இடத்தில் வந்த புதிய இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 33ஆம் பிரிவில் அதே கணக்கு தொடர்கிறது. இன்று தமிழ்நாட்டில் ஒரு கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் மனைவிக்குப் பங்கு பிரிப்பது அதன்படிதான். மனைவி இறந்து கணவன் இருந்தாலும் அதே கணக்கு.

நாஞ்சில் நாட்டையும் உள்ளடக்கிய பழைய திருவிதாங்கூரில் 1916இன் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் வேறு மாதிரி இருந்தது. அசையாச் சொத்தில் கைம்பெண்ணுக்கு ஆயுள் உரிமை, மறுமணம் செய்தால் அதுவும் போகும். மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை மகள்களின் உரிமைக்காகவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தச் சட்டம் 1951லேயே செல்லாமல் போய்விட்டது என்று சொன்னதால் கைம்பெண்ணின் நிலையும் சேர்ந்து மாறியது.

இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் ஒரு விளக்கக் குறிப்பு இருந்தது. கல்யாணத்துக்கு முன் செய்த செல்லத்தக்க ஒப்பந்தத்தால் தன் பங்கிலிருந்து விலக்கப்பட்ட கைம்பெண்ணுக்கு இந்தப் பங்கு கிடையாது என்று அது சொன்னது. எட்டாம் ஹென்றி காலத்து ஜாயிண்ச்சர் விதியின் வாசனை அதில் அப்படியே அடிக்கும். மனைவியை இழந்த கணவனுக்கு அப்படி ஒரு விலக்கு கிடையாது. 2002இன் 26ஆம் எண் திருத்தச் சட்டம் அந்தக் குறிப்பை நீக்கியது. உயில் பற்றிய விதி மட்டும் மாறவில்லை. கிறிஸ்தவக் கணவன் உயில் எழுதி எல்லாவற்றையும் வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால், 33ஆம் பிரிவின் மூன்றில் ஒன்றைக் கேட்க அவர் மனைவிக்கு இந்தச் சட்டத்தில் இன்றும் வழியில்லை.